டிரஸ்ட் நடத்திய நான் கோச் ஆகலாமா?

திருச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி, கோடு போட்ட பேப்பரில் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 43. சிறுவயதில் திக்கித் திக்கிப் பேசுவார். ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, பாடம் வாசிக்க எழுந்தாலே போதும், அவர் திக்கும் எழுத்தைப் பின்பெஞ்சு மொத்தமும் கூடவே சொல்லிச் சிரிக்கும். ஓர் ஆசிரியையும் சேர்ந்து சிரித்ததைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை என்கிறார். படித்து, தனியார் வங்கியில் வேலைக்குச் சேர்ந்து, 2014-ல் ஒரு தோழியையும் கணவரின் சித்தப்பா மகனையும் அறங்காவலர்களாகச் சேர்த்துக்கொண்டு ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பள்ளி பள்ளியாகப் போய் கேலி, பட்டப்பெயர், அடி, ஒதுக்கிவைத்தல் பற்றிப் பேசுவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, ஒவ்வொரு பள்ளியிலும் பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி வைப்பது. பிள்ளைகள் பெயர் எழுதியோ எழுதாமலோ அதில் சீட்டுப் போடலாம். "முதல் வருஷம் வந்த ஒரு சீட்டை இன்னும் ஹேண்ட்பேக்கில் வைத்திருக்கிறேன்" என்கிறார். பெயரில்லாத அந்தச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: 'என் டிபன் பாக்ஸ்ல தினமும் சாக்பீஸ் தூள் போடுறாங்க மிஸ். அம்மாகிட்ட சொல்ல வேணாம்.'

2019-ல் வங்கி வேலையை விட்டார். பி.எஃப். பணத்திலிருந்து 3,60,000 ரூபாய் டிரஸ்டுக்குக் கொடுத்தார். சம்பளமாக ஒரு ரூபாய் எடுத்ததில்லை. மகன் இப்போது பிளஸ் ஒன். "ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாத்தினது போதும்" என்கிறார் கணவர். போன வருடம் 1,20,000 ரூபாய் கட்டி, ஆறு வார இறுதிகளில் 'லைஃப் கோச்' (வாழ்க்கை வழிகாட்டி) பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். டிரஸ்டை மூடிவிட்டு அதே பெயரில் கோச்சிங் தொடங்கலாமா, போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கலாமா, பெட்டியில் வந்த சீட்டுகளையும் மாணவர்கள் பேசிய வீடியோக்களையும் விளம்பரத்துக்குப் போடலாமா, பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிக்கலாமா என்று வரிசையாகக் கேட்கிறார். ஐந்தாவதாக ஒரு பெண்ணைப் பற்றி. டிரஸ்ட் வேலை செய்த பள்ளியில் படிக்கும் 17 வயது மாணவி. தூக்கமில்லை, பிளேடால் கையைக் கீறிக்கொள்கிறாள், வகுப்புப் பையன்கள் ஏதோ போட்டோவை வைத்து மிரட்டுகிறார்கள். "பத்து செஷன் எடுங்க, செஷனுக்கு இரண்டாயிரம் தர்றேன்" என்கிறாராம் தாய். கோச்சிங் பற்றிக் கேள்விப்பட்ட தோழி, அதாவது சக அறங்காவலர், "கடைசியில நீயும் கடை போட்டுட்டியா?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "காசு வாங்கினால் அந்தப் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்தவள் ஆவேனா மேடம்?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் பட்டியலில் ஐந்தாவதாக இருப்பதை முதலில் எடுக்கிறேன். மற்றவை எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

முதலில் அந்தப் பெண்

தூக்கமில்லாமல் கையைக் கீறிக்கொள்ளும் பெண்ணுக்குத் தேவை கோச்சிங் கிடையாது, மருத்துவம். தாயிடம் இன்றே பேசுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ மனநலப் பிரிவு இருக்கும், காசு கேட்கமாட்டார்கள். அதுவரை 14416 எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நீங்கள் கூடப் போங்கள், வெளியே பெஞ்சில் உட்காருங்கள். அந்தப் பெண்ணுக்கு உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கைக்கு இப்போது அதுதான் சரியான பயன்.

அடுத்தது போட்டோ. அது என்ன மாதிரிப் படம் என்று நீங்கள் எழுதவில்லை. "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சாதாரணப் படமாக இருந்தால் அது மிரட்டல் வழக்கு. ஆபாசமாக வெட்டி ஒட்டியதோ, உடலைக் காட்டும் படமோ என்றால் விஷயம் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்குள் வந்துவிடும். 2012-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 19-ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த 'எந்த நபரும்' காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். டாக்டர், ஆசிரியர், கோச் என்று யாருக்கும் விலக்கு இல்லை. பிள்ளையிடம் கொடுத்த வாக்கும் இங்கே செல்லாது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நேரே போகலாம், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ல் கூப்பிட்டால் அவர்கள் வழி செய்வார்கள். பெயர் வெளியே வராது. வெளியிடுவதே தனிக் குற்றம்.

இனி எந்தப் பிள்ளையிடமும் "ரகசியமாக வைத்துக்கொள்கிறேன்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். "உனக்கு ஆபத்து என்றால் மட்டும் பெரியவர்களிடம் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்வார்கள்.

சரி, இப்போது உங்கள் விஷயம்.

சம்பளம் வாங்காததுதான் பிழை

காசு வாங்கினால் துரோகமா என்று கேட்டீர்கள். இல்லை. பத்து வருடம் வாங்காமல் இருந்ததைத்தான் நான் கொஞ்சம் குறை சொல்வேன். அறங்காவலர் சம்பளமே வாங்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது பலருக்கும் இருக்கும் தப்பெண்ணம். அறங்காவலர் என்ற பதவிக்காகச் சும்மா ஊதியம் எடுக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் பத்திரத்தில் அதற்கு இடமிருந்து, செய்த வேலைக்கு நியாயமான தொகையைத் தீர்மானம் போட்டு எடுத்தால் வருமான வரிச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுப்பது நியாயத்துக்கு மேல் போகும் தொகையைத்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்கள் வேறு, கொள்கை இதேதான்.

வாரத்தில் நான்கு நாள் பள்ளிகளுக்கு பஸ்ஸில் போய் வந்த பயிற்சியாளர் நீங்கள். வெளியிலிருந்து ஓர் ஆளை வைத்திருந்தால் என்ன கொடுத்திருப்பீர்களோ அதை உங்களுக்கும் கொடுத்திருக்கலாம். டிரஸ்டின் உண்மையான செலவு என்ன என்பதும் நன்கொடை தருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். இப்போது நீங்கள் விலகினால் உங்கள் இடத்துக்கு ஆள் எடுக்கப் பணம் எங்கே என்ற கேள்வி வருகிறதே, அது அந்தப் பத்து வருட இலவசத்தின் விளைவு. இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். அந்தப் பழைய வருடங்களுக்கு இப்போது பின்தேதியிட்டுச் சம்பளம் எழுதிக்கொள்ள முடியாது. யாராவது ஆடிட்டர் "பண்ணிடலாம் மேடம்" என்றால் ஆடிட்டரை மாற்றுங்கள்.

டிரஸ்ட் யாருடையது

"என் டிரஸ்ட்" என்று கடிதத்தில் பல இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்த அன்றே அது உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. பணம், பெயர், லோகோ, பயிற்சிக் கையேடு, மரப்பெட்டிகள், வாட்ஸ்அப் குழு எல்லாம் அறக்கட்டளையின் சொத்து. நீங்கள் அதைக் காப்பவர். அறங்காவலர் அறக்கட்டளையின் சொத்தை வைத்துத் தன் சொந்த லாபம் பார்க்கக் கூடாது என்பது அறக்கட்டளைச் சட்டத்தின் அஸ்திவாரம். 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கு எழுதப்பட்டது என்றாலும், இந்தக் கொள்கையைப் பொது அறக்கட்டளைகளுக்கும் நீதிமன்றங்கள் அப்படியே பொருத்துகின்றன.

அதனால் அதே பெயரில் கோச்சிங் தொடங்குவது முடியாது. இந்த இடத்தில் வரித்துறையும் சும்மா இருக்காது. நிறுவனருக்கோ அவர் உறவினருக்கோ டிரஸ்ட் பலன் கொடுத்ததாகத் தெரிந்தால், அந்தத் தொகைக்கு 30 சதவீதம் வரி, அதற்கு மேல் அந்தத் தொகை அளவுக்கே அபராதம், மறுபடி நடந்தால் அதில் இரண்டு மடங்கு. பணமாக எடுத்தால்தான் பலன் என்று நினைக்காதீர்கள். டிரஸ்ட் செலவில் அச்சடித்த நோட்டீஸின் ஓரத்தில் உங்கள் கோச்சிங் நம்பர் இருந்தாலும் கேள்வி வரும்.

உங்கள் சொந்தக் கதை உங்களுடையது. திக்கிப் பேசிய பெண் எப்படி 400 பிள்ளைகள் முன்னால் மைக் பிடித்தாள் என்பதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், அதை வைத்துச் சம்பாதியுங்கள், யாரும் தடுக்க முடியாது. ஒரே எச்சரிக்கை: சிரித்த அந்த ஆசிரியையின் பெயரையும் பள்ளியையும் சொல்லாதீர்கள். நடந்தது உண்மைதானே என்பீர்கள். அவதூறு வழக்கில் உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். சொந்தத் தொழிலுக்கான விளம்பரத்தில் அது கஷ்டம்.

பி.எஃப். பணத்துக்கு வருகிறேன். உங்கள் கணக்குப்படி 2,10,000 ரூபாய்க்கு 80ஜி ரசீது வாங்கி வரிச்சலுகையும் எடுத்திருக்கிறீர்கள். அது நன்கொடை, திரும்ப வராது. மீதி 1,50,000 ரூபாய் ஒவ்வொரு வருட பேலன்ஸ் ஷீட்டிலும் கடன் என்றே வந்திருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் டிரஸ்டிடம் இருப்பு உள்ளபோது, தீர்மானம் போட்டு, வங்கி வழியாகத் திருப்பி வாங்கலாம். வட்டி பற்றி எழுத்தில் எதுவும் இல்லாததால் அசல் மட்டும். அதில் 60,000 ரூபாயைப் புரொஜெக்டர் வாங்க ரொக்கமாகக் கொடுத்ததாக ஒரு வரி இருக்கிறது. இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது என்று விதி, மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். திருப்பித் தருவதற்கு முன் இதை ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மூடுவதா, விலகுவதா

மூட வேண்டாம் என்பது என் கருத்து. சட்டப்படி மூடுவதும் நீங்கள் நினைக்கிற மாதிரி ஷட்டர் இழுப்பது போல எளிதாக இருக்காது. பொது அறக்கட்டளை கலைக்கப்பட்டால் மிச்சமிருக்கும் சொத்து, இதே நோக்கமுள்ள, பதிவு பெற்ற இன்னோர் அறக்கட்டளைக்குத்தான் போக வேண்டும். கலைத்த மாதம் முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் அது நடக்காவிட்டால் சொத்து மதிப்பின் மேல் உச்ச விகிதத்தில் வரி விழும்.

சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் இருக்கிறது. 1996 நவம்பரில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டபோது நான் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-ல் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் இறந்தார். அவர் தந்தை ராஜேந்திர கச்ரூ மகன் பெயரில் ஓர் இயக்கம் தொடங்கினார். யு.ஜி.சி.யின் ராகிங் தடுப்பு விதிமுறைகளும் 1800-180-5522 என்ற உதவி எண்ணும் அந்த ஆண்டில் வந்தவை. கல்லூரிக்கு இவ்வளவு இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் டிபன் பாக்ஸில் சாக்பீஸ் தூள் போட்டால் கூப்பிட அப்படித் தனியாக ஓர் எண் கிடையாது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சக மாணவர்களே சாதி வெறியில் அரிவாளோடு வீடு புகுந்து வெட்டினார்கள். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அடுத்த வருடம் கொடுத்த அறிக்கையில் மாணவர் கையில் சாதி அடையாளமாகக் கட்டும் நிறக் கயிறு வரைக்கும் பேசியது. உங்கள் பெட்டியில் கயிற்று நிறம் பற்றி வந்த சீட்டுகளை நீங்கள் 2017-லேயே தலைமை ஆசிரியர்களிடம் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெட்டி அங்கே தொடர்ந்து இருக்க வேண்டும்.

நிறுவனர் போனால் நிறுவனம் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு. லண்டனில் 1980-களில் மிஷேல் எலியட் தொடங்கிய கிட்ஸ்கேப் என்ற பிள்ளைகள் பாதுகாப்பு அமைப்பு, அவர் விலகிப் பல வருடம் ஆன பிறகும் நடக்கிறது. அதே நாட்டில் பெரிய பெயரோடு இருந்த பீட்புல்லியிங் என்ற கேலி, கொடுமை எதிர்ப்பு அமைப்பு 2014-ல் பணமில்லாமல் இழுத்து மூடப்பட்டது. ஒரு வருடச் செலவு கையிருப்பில் இருக்கிறதா, நீங்கள் இல்லாமல் ஒரு பள்ளி நிகழ்ச்சியை நடத்த இரண்டு பேருக்குத் தெரியுமா என்று பாருங்கள்.

விலகுவதற்கும் முறை உண்டு. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் முடிந்தது என்று எண்ணாதீர்கள். அறங்காவலர் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் பத்திரம் அனுமதித்தால்தான், அல்லது நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் இறங்க முடியும். உங்கள் பத்திரத்தில் விலகல் பற்றிய வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். புது அறங்காவலர் வந்த பிறகு விலகுங்கள். உங்களைத் தவிர்த்தால் மீதி ஒரு தோழியும் ஒரு மச்சினரும்தான், அதில் தோழியும் இப்போது கோபத்தில் இருக்கிறார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரும், உங்கள் நிகழ்ச்சியில் வளர்ந்து இப்போது வேலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரும் கிடைத்தால் நல்லது. வங்கியில் கையெழுத்து மாற்றம், பான், வருமான வரித் தளத்தில் விவரத் திருத்தம் எல்லாம் முடிய ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதமும் கோச்சிங்கில் காசு வாங்கலாம். ஆனால் முதல் நாளே, இந்தத் தொழில் தொடங்குகிறேன் என்று அறங்காவலர் கூட்டத்தில் எழுத்தில் சொல்லி மினிட்ஸில் பதிய வையுங்கள். தோழியின் கேள்விக்கும் அதுதான் பதில். அவர் கேட்டதில் குத்தல் இருந்தாலும் கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறார்.

கோச் என்று போர்டு மாட்டும் முன்

நம் ஊரில் 'கோச்சிங்' என்றால் நீட் கோச்சிங்கா, டி.என்.பி.எஸ்.சி. கோச்சிங்கா என்றுதான் கேட்பார்கள். அதனால் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை இரண்டு வரியில் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

லைஃப் கோச் ஆக இந்தியாவில் உரிமம் எதுவும் தேவையில்லை. உங்கள் பயிற்சி நிறுவனம் இதைச் சொல்லியிருக்கும். ஆனால் உங்கள் விசிட்டிங் கார்டு மாதிரியில் 'லைஃப் கோச் மற்றும் சைக்கலாஜிக்கல் தெரபிஸ்ட்' என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது பாதியை அடியுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி பதிவு வேண்டும். மற்ற உளவியலாளர்கள், ஆலோசகர்களை ஒழுங்குபடுத்த 2021-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அச்சம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் என்று வருகிறவர்களை நீங்கள் அனுப்பிவைக்கத்தான் வேண்டும். யாரிடம் அனுப்புவது என்று இரண்டு மனநல மருத்துவர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சான்றிதழையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பன்னாட்டு கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப்.பின் தொடக்க நிலை அங்கீகாரத்துக்கே 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் கேட்கிறார்கள். உங்கள் ஆறு வார இறுதியில் எவ்வளவு கணக்கில் வரும் என்று அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். 'சர்வதேச அங்கீகாரம்' என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு அது இல்லை என்றால் நீங்களே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதே சட்டம் நாளைக்கு உங்களையும் பிடிக்கும் என்பது வேறு விஷயம். '90 நாளில் தன்னம்பிக்கை உத்தரவாதம்' என்று நீங்கள் எழுதியிருக்கும் விளம்பர வரி, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரமாகப் பார்க்கப்படலாம். அபராதம் பத்து லட்சம் வரை போகும். தன்னம்பிக்கைக்கு யார் உத்தரவாதம் தர முடியும்?

கணக்கு விஷயம் சின்னது. வேறு பெயர், தனி வங்கிக் கணக்கு, தனி போன் நம்பர். வருட வரவு இருபது லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாக வேண்டாம். ஒவ்வொருவரிடமும் ஒரு பக்க ஒப்பந்தம்: எத்தனை செஷன், எவ்வளவு கட்டணம், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள், இது மருத்துவமல்ல என்ற ஒரு வரி.

இனி கொஞ்சம் அழுத்தியே ஒன்று சொல்கிறேன்: 18 வயதுக்குக் கீழே யாரையும் கோச்சிங்கில் எடுக்காதீர்கள். மைனரோடு போடும் ஒப்பந்தம் செல்லாது என்பதை, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிச் சமாளித்துவிடலாம். என் ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. நார்வேயில் 1982 கடைசியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகு, டேன் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் பெர்கன் நகரப் பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களிடம் தொடர்ந்து வேலை செய்தார். அங்கே சக மாணவர்கள் செய்யும் கேலி, கொடுமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அடி வாங்கிய பிள்ளைக்குத் தைரியம் சொல்லிக்கொடுத்ததால் வந்த மாற்றமல்ல அது. வகுப்பு விதி, இடைவேளையில் பெரியவர்களின் கண், வேடிக்கை பார்க்கும் மற்ற பிள்ளைகள், பெற்றோர் என்று பள்ளி மொத்தத்தையும் மாற்றியதால் வந்தது. உங்கள் டிரஸ்ட் பத்து வருடமாகச் சொன்னதும் இதைத்தான். இப்போது அதே பள்ளிப் பிள்ளையைத் தாய் அழைத்துவந்து, காசு கொடுத்து, "இவளைக் கொஞ்சம் தைரியமா ஆக்குங்க" என்றால் என்ன அர்த்தம்? பள்ளி சரியாகத்தான் இருக்கிறது, பிள்ளையிடம்தான் கோளாறு என்று அந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும். அன்றைக்குத் திக்கிய உங்களை யாராவது அப்படி ஒரு வகுப்புக்கு அனுப்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். டிரஸ்ட் வழியாக உங்களிடம் வந்த குடும்பங்களைக் குறைந்தது இரண்டு வருடத்துக்குக் காசு வாங்கும் வாடிக்கையாளர்களாக எடுக்காதீர்கள். பிரச்சினையோடு வந்தால் டிரஸ்டுக்கே அனுப்புங்கள், இலவசமாக.

பெரியவர்களோ, தாராளமாக வரட்டும். அலுவலகத்தில் வாய் திறக்க முடியாத முப்பது வயதுக்காரர், மேலாளரின் கத்தலுக்குப் பதில் சொல்லத் தெரியாத பெண், திக்குவாயோடு இண்டர்வியூவுக்குப் போகும் இளைஞர். நீங்கள் கேட்கும் இரண்டாயிரத்தை அவர்களிடம் கூசாமல் கேளுங்கள்.

பிஸ்கட் டின்களில் இருக்கும் சீட்டுகள்

இரண்டு பெரிய பிஸ்கட் டின்கள் நிறைய, பத்து வருடச் சீட்டுகள் உங்கள் பீரோவில் இருக்கின்றன. அதில் நாற்பதைப் பொறுக்கி, பெயரை மறைத்து, விளம்பரத்துக்குப் போடலாமா என்று கேட்டீர்கள். கூடாது. பிள்ளைகள் அதைப் பள்ளியில் இருந்த ஒரு பெட்டிக்குள் போட்டார்கள், உங்கள் தொழிலுக்குத் தரவில்லை. சின்ன ஊரில் கையெழுத்தே அடையாளம். அதில் ஏதாவது ஒரு பிள்ளை குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவராகவோ சாட்சியாகவோ இருந்தால், அடையாளம் தெரியும்படி வெளியிடுவது சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ இரண்டு லட்சம் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். வீடியோக்களும் அப்படித்தான். பெற்றோர் கையெழுத்துப் போட்டது டிரஸ்ட் நிகழ்ச்சிக்கு, கோச்சிங்குக்கு அல்ல. படிப்படியாக நடைமுறைக்கு வரும் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டத்தில், 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் விவரத்துக்குப் பெற்றோரின் ஒப்புதலை எந்தக் காரியத்துக்காக வாங்கினோமோ அந்தக் காரியத்துக்குத்தான் பயன்படுத்தலாம். வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போடுவதும் இதே கணக்கில் சேரும். குழுவின் அட்மின் பொறுப்பைப் புது ஆளிடம் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

டின்களை வீட்டில் வைக்காதீர்கள். மகனின் நண்பர்கள் வந்துபோகும் வீடு அது. அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: எந்த ஆண்டு, எந்த வகைப் புகார், எத்தனை என்று ஒரு நோட்டில் எண்ணிக்கை எடுத்துக்கொண்டு, வழக்கோ விசாரணையோ இல்லாத மூன்று வருடத்துக்கு மேற்பட்ட சீட்டுகளை இரண்டு அறங்காவலர் முன்னால் கிழித்து எரிப்பது, மீதியைப் பூட்டுள்ள அலமாரிக்கு மாற்றுவது. அந்த எண்ணிக்கை நோட்டு பிற்பாடு நன்கொடை கேட்கும்போதும் டிரஸ்டுக்கு உதவும்.

ஹேண்ட்பேக்கில் இருக்கும் அந்தச் சாக்பீஸ் தூள் சீட்டும் சட்டப்படி டின்னுக்குள் போக வேண்டியதுதான். அதைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. நானும் அந்தப் பக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.